தலைக்கு மேலே கடகட: சன்ரூஃப் சத்தத்தைத் தேடிப் பிடிக்கும் வழி

சன்ரூஃபில், அதாவது கார்க் கூரையில் திறந்து மூடுகிற கண்ணாடியில், சத்தம் என்று யாராவது காரைக் கொண்டுவந்தால் நான் முதலில் கேட்பது, "என்னமாதிரிச் சத்தம்?" என்பதுதான். "ஏதோ ஒரு சத்தம் அண்ணை, விசர் பிடிக்குது" என்பார்கள். விசர் பிடிப்பது உண்மை. ஆனால் அதை வைத்து எந்த ஸ்குறூவையும் கழற்ற முடியாது. கடகட என்கிறதா, கிறீச்சிடுகிறதா, ஒரே ஒரு தடவை டொக் என்று விழுகிறதா, படபடக்கிறதா, சளக் என்கிறதா? எங்கள் மொழியில் இவை ஒவ்வொன்றுக்கும் சொல் உண்டு. சன்ரூஃபில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பாகமும் உண்டு. பேர் சரியாக விழுந்தால் எங்கே கை வைப்பது என்பது தெரிந்துவிடும்.

நான் கராஜ் வைத்திருப்பவன் அல்ல. என் சொந்தக் காரின் சத்தத்தோடு மூன்று மாதம் மல்லுக்கட்டி, பிறகு சொந்தக்காரர், அயலவர் கார்களிலும் கை வைத்துப் பழகியவன். அந்த மூன்று மாதத்தில் நான் செய்த பிழைகளை நீங்களும் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விபரமாக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சத்தம் அதிகம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025இல்தான். ஆகவே எங்கள் றோட்டில் ஓடும் சன்ரூஃப் கார்களில் பல பத்து வயதை எட்டியவை அல்லது தாண்டியவை. அவற்றின் றப்பரும் அதே வயதுதான். அதற்கு மேல் எங்கள் வெயில். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்பாட்டுப் புழுதி. தீவுப் பக்கம் போய்வருகிற கார் என்றால் பண்ணைத் தாம்போதியின் உப்புக் காற்று வேறு. றப்பரைக் காயவைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

முதலில், அது சன்ரூஃப்தானா?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். காருக்குள் கூரைப் பக்கம் கேட்கிற சத்தத்தைக் காது சரியாக இடம் பிடிக்காது. உள்கூரை என்பது துணி ஒட்டிய மெல்லிய அட்டை. அது பறை போல நின்று, எங்கோ எழுகிற சத்தத்தை வாங்கித் தலைக்கு நேரே கொடுக்கும். சீற்பெல்ற் தூணில் ஆடுகிற உலோகத் துண்டு, வெயில் மறைப்பின் தளர்ந்த கொக்கி, பின்கதவின் பூட்டு, கூரையிலுள்ள அன்ரெனா எல்லாமே சன்ரூஃப் மாதிரியே கேட்கும்.

என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். கொண்டாவிலில் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியவுடன் தலைக்கு மேலே சின்னதாகக் கடகட. ஒரு கராஜில் காட்டினேன். கண்ணாடியைப் பிடித்திருக்கும் ஸ்குறூக்களை எல்லாம் இறுக்கித் தந்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. புதிதாகக் காற்றுச் சத்தமும், முதல் மழைக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்ந்துகொண்டன. கண்ணாடியின் மட்டம் போய்விட்டது.

கடைசியில் ஒரு ஞாயிறு காலை, சித்தப்பாவின் மகனை ஓட்டவிட்டு நான் பின்சீற்றில் மல்லாந்து படுத்தேன். ஏசி இல்லை, ரேடியோ இல்லை, கண்ணாடிகள் எல்லாம் மேலே. அவன் 20 கிலோமீற்றர் வேகத்தில் மெல்ல மெல்ல விட்டான். நான் உள்ளங்கையை உள்கூரையில் ஒவ்வோர் இடமாக அழுத்திக்கொண்டே வந்தேன். சன்ரூஃப் ஓரமெல்லாம் அழுத்தியும் மாற்றமில்லை.

"அண்ணை, முன்னுக்குத்தான் கேக்குது, எனக்கு நெத்திக்கு மேல."

"நீ றோட்டைப் பார் தம்பி. இப்ப?"

"இப்ப இல்லை."

என் கை அப்போது உள்விளக்குப் பெட்டியின் மேல் இருந்தது. கையை எடுத்தேன், கடகட. வைத்தேன், நின்றது. வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியைக் கழற்றினால், உடைந்த பிளாஸ்ரிக் கிளிப் துண்டு ஒன்று, பயற்றங்கொட்டை அளவு, உள்கூரையின் முதுகில் கிடந்து உருண்டுகொண்டிருக்கிறது. அதை எடுத்துப்போட்டேன். மூன்று மாதச் சத்தம் போய்விட்டது. குழம்பிய கண்ணாடி மட்டத்தைத் திரும்பச் சரிசெய்ய எனக்கு இன்னும் இரண்டு நாள் பிடித்தது.

ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் இந்த ஓட்டத்தைச் செய்யுங்கள். முதலில் காரை வெறுமையாக்குங்கள். மூக்குக் கண்ணாடிப் பெட்டி, வெயில் மறைப்பில் செருகிய பத்திரங்கள், டாஷ்போட்டில் இருக்கும் விபூதிச் சம்படம், கதவுப் பையில் கிடக்கும் சில்லறை எல்லாம் வெளியே. சத்தம் வழமையாகக் கேட்கிற ஒரே ஒழுங்கையை, ஒரே வேகத்தில், நான்கு தடவை ஓடுங்கள். ஏ9 வீதி இதற்கு உதவாது, அதன் மேற்பரப்பு அவ்வளவு சமம். கல்லும் கிடங்குமான உள்வீதிதான் வேண்டும்.

முதல் ஓட்டத்தில் எல்லாம் மூடியபடி. இரண்டாவதில் சன்ரூஃப் கண்ணாடிக்குக் கீழே, உள்ளே இழுக்கிற மறைப்புத் தட்டை மட்டும் திறந்து. மூன்றாவதில் கண்ணாடியின் பின்பக்கத்தை மட்டும் மேலே தூக்கி. நான்காவதில் கண்ணாடியை முழுதாகப் பின்னே தள்ளி. மறைப்பைத் திறந்ததும் சத்தம் நின்றாலோ மாறினாலோ ஆடுவது அந்தத் தட்டு. கண்ணாடியைத் தூக்கியவுடன் நின்றால் றப்பரும் கண்ணாடியும் சந்திக்கிற இடம். தூக்கியபோது கேட்டு, முழுதாகத் திறந்ததும் நின்றால் கண்ணாடியைத் தூக்கும் கைகளில் தளர்வு. நான்கு நிலையிலும் மாறாமல் கேட்டால், பெரும்பாலும் சன்ரூஃபை மறந்துவிட்டு உள்விளக்கு, சீற்பெல்ற், பின்கதவு என்று தேடுங்கள். கண்ணாடி திறந்திருக்கும்போது காற்றுச் சத்தம் மற்றதை மறைக்கும், அதனால் வேகம் 20, 25க்கு மேல் போகவேண்டாம்.

ஓட்டுகிறவர் ஒருவர், தேடுகிறவர் இன்னொருவர் என்பது கட்டாயம். தனியே ஓட்டிக்கொண்டு ஒரு கையால் கூரையைத் தடவுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

கிறீச், கிறிச்: காய்ந்த றப்பர்

கேற் வாசலின் சரிவில் கார் கோணலாக ஏறும்போது, ஒரு சில்லு மேலேயும் மற்றது கீழேயும் இருக்கும் அந்தக் கணத்தில், கிறீச் என்று இழுபடுகிறதா? இதுதான் நான் அதிகம் பார்த்த சத்தம். சரிசெய்ய மிக இலகுவானதும் இதுதான்.

கார் உடல் பார்வைக்கு இறுக்கமாக இருந்தாலும் சரிவில் ஏறும்போது சற்று முறுகும். கூரையில் பெரிய ஓட்டை வெட்டிக் கண்ணாடி வைத்த காரில் அந்த அசைவு ஓட்டையின் விளிம்பில் தெரியும். புதிய றப்பரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருப்பதால் அந்த அசைவுக்கு வழுக்கிக் கொடுக்கும். காய்ந்த றப்பர் அப்படியல்ல. ஒட்டிப்பிடிக்கும், பிறகு சடுதியாக விடும், திரும்ப ஒட்டிப்பிடிக்கும். ஒட்டுவதும் விடுவதும் விரைவாக மாறி மாறி நடப்பதுதான் கிறீச். நனைந்த விரலைக் கண்ணாடியில் தேய்த்துப் பாருங்கள், அதே சத்தம், அதே காரணம்.

உறுதிசெய்ய ஒரு வழி: சன்ரூஃபைத் திறந்து, சுற்றிவர உள்ள றப்பரிலும் அது படுகிற கூரை விளிம்பிலும் ஈரத்துணியால் தண்ணீர் தடவி, உடனே மூடி, அதே கேற் சரிவில் ஏறி இறங்குங்கள். சத்தம் மாறினால் அல்லது சில நிமிடம் காணாமல் போனால் ஆள் அகப்பட்டாயிற்று.

துப்புரவுதான் இதில் முக்கால்வாசி மருந்து. காலையில், கார் சூடேறுவதற்கு முன், நிழலில் செய்யுங்கள். கண்ணாடியை முழுதாகத் திறந்து, பழைய பெயின்ற் பிரஷால் மூலைகளிலுள்ள புழுதியை வெளியே தட்டுங்கள். வேப்பம் பூவும் சருகும் எப்படியும் இருக்கும். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பிழிந்த பருத்தித் துணியால் றப்பரை மடிப்பு மடிப்பாகத் துடையுங்கள். முதல் துணி செம்பாட்டு நிறத்தில் வரும், இரண்டாவது சாம்பல், மூன்றாவது ஏறக்குறைய வெள்ளை. வெள்ளையாக வரும்வரை நிறுத்தாதீர்கள். கண்ணாடியின் ஓரத்தையும், றப்பர் வந்து படுகிற பெயின்ற் விளிம்பையும் அதே கவனத்தோடு துடையுங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அரைப்பங்கு அழுக்கு அங்கேதான் இருக்கும்.

நன்றாகக் காய்ந்த பிறகு சிலிக்கோன் கிறீஸ் மெல்லியதாக ஒரு பூச்சு. விரல் நுனியில் கடுகளவு எடுத்து, ஒரு சாண் நீளத்துக்குத் தேய்த்து நீட்டுங்கள். பார்த்தால் தெரியக்கூடாது, தொட்டால் மட்டும் வழுக்க வேண்டும். பத்து நிமிடம் விட்டு மேலதிகத்தை உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். ஸ்பிறேயாக வருகிற சிலிக்கோனும் வேலை செய்யும், ஆனால் துணியில் அடித்துத்தான் தடவவேண்டும். நேரே அடித்தால் உள்கூரையில் கறை விழும். ஜேர்மனியில் உறவுகள் இருந்தால் அங்கே கடைகளில் விற்கும் றப்பர் பராமரிப்புக் குச்சி ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். பனிக்காலத்தில் கதவு றப்பர் உறைந்து ஒட்டாமல் இருக்க அங்குள்ளவர்கள் பூசுவது. எங்கள் வெயிலுக்கும் அருமையாகப் பிடிக்கிறது.

பூசக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எங்கள் ஊரில் இவைதான் முதலில் கைக்கு எட்டும். டபிள்யூ.டி.-40, வஸ்லின், சில்லுக்குப் போடும் கிறீஸ் எல்லாம் பெற்றோலிய எண்ணெய் வகை. கார் றப்பரில் பெரும்பாலானது அந்த எண்ணெயைக் குடித்து ஊதிப் பதமாகிவிடும். இரண்டு நாளைக்குச் சத்தம் நிற்கும், இரண்டு வருடத்தில் றப்பரை மாற்றவேண்டி வரும். தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று அம்மாவே என்னிடம் கேட்டா. பூசினால் முதல் வாரம் நன்றாயிருக்கும். பிறகு பிசுக்குப் பிடித்து ஊர்ப் புழுதி எல்லாவற்றையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

துடைத்துப் பூசியும் கிறீச் போகாவிட்டால் றப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். உடனே மீண்டு வந்தால் உயிர் இருக்கிறது. பள்ளம் அப்படியே நின்றாலோ, வெடிப்பு ஓடியிருந்தாலோ மாற்றுவதுதான் வழி.

கடகட: ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது

சிறு சிறு கிடங்குகளில் தொடர்ச்சியாக வருகிற சத்தம். இதற்கு மூன்று நான்கு ஆட்கள் உண்டு. மலிவானவரிடமிருந்து தொடங்குவோம்.

உள்ளே இழுக்கும் மறைப்புத் தட்டு. நிறுத்திய காரில், தட்டின் கைபிடியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கட்டக் கட்டக் என்றால், தட்டின் இரு பக்கமும் றெயிலில் ஓடுகிற சிறு பிளாஸ்ரிக் கால்கள் தேய்ந்திருக்கின்றன. றெயிலின் உட்பக்கத்தில் கம்பளித்தன்மையுள்ள துணி ரேப் ஒட்டினால் போதும். வயர் சுற்றுவதற்காக வருகிற மெத்தென்ற துணி ரேப்பைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண கறுப்பு இன்சுலேசன் ரேப் வெயிலுக்குப் பசை வழிந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு தட்டைப் பலதடவை இழுத்துப் பாருங்கள். இறுகினால் ஒரு படை உரித்துவிடுங்கள்.

காற்றுத் தடுப்பு. கண்ணாடி திறக்கும்போது முன்விளிம்பில் எழும்புகிற வலை அல்லது பிளாஸ்ரிக் சட்டம். மூடியிருக்கும்போது கண்ணாடி இதை அமுக்கி வைத்திருக்கும். அடியிலுள்ள ஸ்பிறிங் துருப்பிடித்தோ நழுவியோ இருந்தால் ஆடும். தீவுப் பக்கம் ஓடுகிற கார்களில் இதை நான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன். ஸ்பிறிங்கைத் துடைத்து, இடத்தில் அமர்த்தி, சட்டம் படுகிற இரண்டு முனையிலும் அதே துணி ரேப்பில் ஒரு அங்குலத் துண்டு ஒட்டுங்கள்.

றெயில். கண்ணாடியை முழுதாகத் திறந்து ரோச் அடித்துப் பார்த்தால் இரு பக்கமும் அலுமினிய வாய்க்கால் தெரியும். அதில் பழைய கிறீஸ் கறுத்து, புழுதியோடு சேர்ந்து அரைக்கும் பசையாகியிருக்கும். துணி சுற்றிய குச்சியால் வழித்தெடுத்துவிட்டு சிலிக்கோன் கிறீஸ் மெல்லியதாகப் பூசி, கண்ணாடியை நான்கைந்து தடவை முழுதாகத் திறந்து மூடுங்கள். வழித்தெடுக்காமல் மேலே புதுக் கிறீஸ் பூசுவது வீண்வேலை, அரைப்பு இன்னும் கூடும்.

இவை எல்லாம் பார்த்த பிறகும் கடகட போகவில்லை என்றால் மட்டுமே கண்ணாடியின் மட்டத்துக்கு வாருங்கள். இதைக் கடைசியில் வைப்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரு தடவை குழம்பினால் மழைக்கு முன்னர் சரிசெய்துவிட வேண்டும் என்கிற பதற்றம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மட்டத்தை விரலால் பாருங்கள். காருக்கு வெளியே நின்று, கூரையிலிருந்து கண்ணாடிக்கு விரல் நுனியை மெதுவாக இழுங்கள். பெரும்பாலான கார்களில் முன்விளிம்பு கூரையோடு சமமாகவோ, 1 மில்லிமீற்றர் அளவு பதிந்தோ இருக்கவேண்டும். பின்விளிம்பு சமமாகவோ, 1 மில்லிமீற்றர் அளவு உயர்ந்தோ இருக்கவேண்டும். முன்னிருந்து வருகிற காற்று எந்த விளிம்பிலும் முட்டாமல் வழுக்கிப் போவதற்காகவே இந்த அமைப்பு. முன்விளிம்பு எழும்பியிருந்தால் வேகத்தில் ஊதும். ஒரு பக்கம் மட்டும் பதிந்திருந்தால் மறுபக்க றப்பருக்கு அழுத்தம் இல்லை. கண்ணாடி அங்கே ஆடும்.

அடுத்தது ரூபாய்த்தாள் சோதனை. 100 ரூபாய்த் தாள் ஒன்றை விளிம்பில் பாதி வெளியே தெரிய வைத்துக் கண்ணாடியை மூடுங்கள். தாளை மெல்ல இழுங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டு வரவேண்டும். இப்படி ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று இடம். எந்த இடத்தில் தாள் தடையில்லாமல் வருகிறதோ அங்கே றப்பர் தொடவில்லை. எங்கே அசையவே மாட்டேன் என்கிறதோ அங்கே கூடுதலாக அமுங்குகிறது. அந்த இடங்களைச் சிறு மாஸ்கிங் ரேப் துண்டுகளால் கூரையில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்குறூக்கள் உள்ளே, மறைப்புத் தட்டைத் திறந்தால் கண்ணாடியின் இரு பக்கத்திலும், சில கார்களில் ஒரு பிளாஸ்ரிக் மூடிக்கு உள்ளே இருக்கும். பொதுவாக ரோர்க்ஸ் 25 அளவு நட்சத்திர முனை. தொடுவதற்கு முன் ஒவ்வொரு ஸ்குறூவின் இடத்தையும் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள், கைப்பேசியில் படமும் எடுங்கள். ஒரு மூலையை மட்டும் அரைச் சுற்றுத் தளர்த்தி, ஒருவர் உள்ளிருந்து உள்ளங்கையால் கண்ணாடியைத் தேவையான அளவுக்குத் தூக்க, மற்றவர் வெளியே விரலால் மட்டம் சொல்ல, இறுக்குங்கள். எல்லா மூலையையும் ஒரே நேரத்தில் தளர்த்தவே கூடாது. ஸ்குறூ சிறியது, கைப்பிடி ஸ்குறூ டிறைவரால் சாதாரணமாக இறுக்கினால் போதும். நீளக் கைபிடி போட்டு முறுக்கினால் பிளாஸ்ரிக்குக்குள் இருக்கும் மரை போய்விடும். கண்ணாடி பெரும்பாலும் வெப்பமேற்றி உறுதியாக்கிய வகை. நடுவில் அழுத்தத்தைத் தாங்கும், விளிம்பில் உலோகம் பட்டால் முழுதும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். ஆகவே விளிம்பைக் கிளப்ப ஸ்குறூ டிறைவரை நுழைக்காதீர்கள்.

பிறகு திரும்பவும் விரல், திரும்பவும் ரூபாய்த்தாள், பிறகு ஒரு வாளித் தண்ணீர். அதற்குப் பிறகுதான் ஓட்டம்.

இரண்டு மூன்று கண்ணாடிகளாகக் கூரை முழுதும் நீள்கிற பனோரமா வகை என்றால் மட்ட வேலையை வீட்டில் செய்யவேண்டாம். துப்புரவும் ரேப்பும் மட்டும் உங்களுடையவை.

டொக்: ஒரே ஒரு தட்டு

பிறேக் பிடிக்கும்போது அல்லது புறப்படும்போது ஒரு டொக் என்றால், கண்ணாடி முன்பின்னாக நகர்கிறது. பற்றறியைக் கழற்றி மாட்டிய பிறகு தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள். பல கார்களில் மோட்டார் தன் மூடும் எல்லையை நினைவில் வைத்திருக்கும். அந்த நினைவு அழிந்தால் முழுதாக மூடாமலே நின்றுவிடும். சுவிட்சை மூடும் பக்கம் அழுத்திப் பிடித்துத் திரும்பக் கற்பிக்க வேண்டும். எத்தனை செக்கன், எந்த வரிசை என்பது காருக்குக் கார் மாறும், கைநூலில் இருக்கும். ஜப்பானிலிருந்து நேரே வந்த காரில் கைநூல் ஜப்பானிய மொழியில்தான் கிடக்கும். கைப்பேசிக் கமெராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள், அந்தப் பக்கம் ஓரளவு தெளிவாகவே வரும்.

நிறுத்திவைத்த கார், பத்து மணி வெயில் ஏறும்போது தானாக டொக் என்றால் அது தகடு விரிகிற சத்தம். பயப்படவேண்டாம். ஆனால் ஓடும்போது கூரையின் நடுவில் டொக் டொக் என்று வந்து, வெளியே கூரைத் தகட்டை உள்ளங்கையால் அழுத்தினால் கீழே ஏதோ ஒட்டுவதும் விடுவதுமாக இருந்தால், தகட்டுக்கும் அதன் கீழுள்ள குறுக்குச் சட்டத்துக்கும் இடையிலுள்ள பசை விட்டிருக்கிறது. சன்ரூஃப் சட்டத்தைக் கூரையோடு பிடிக்கும் போல்ற் தளர்ந்தாலும் இப்படிக் கேட்கும். இரண்டுக்கும் உள்கூரையை இறக்கவேண்டும். கூரையின் இரு ஓரத்திலும், உள்கூரைக்குப் பின்னால், திரை ஏர்பாக் மடித்து வைத்திருப்பார்கள். முன்தூண் மூடியை இழுத்துக் கழற்றி மாட்டும்போது அந்த மடிப்பு நசிந்தால் விபத்து நேரத்தில் அது சரியாக விரியாது. ஏர்பாக் வேலை தெரிந்த ஒருவரிடம், பற்றறி கழற்றிச் செய்கிற ஒருவரிடம், கொடுங்கள். இதில் காசு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

படபட, கும்கும், ஊய்

காற்றால் வருபவை. திறந்து ஓடும்போது காதுக்குள் கும்கும் என்று அடிப்பது பழுது அல்ல. போத்தல் வாயில் ஊதுகிற மாதிரிக் கார் முழுதும் அதிர்கிறது. பின்சீற்றுப் பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினால் நின்றுவிடும். காற்றுத் தடுப்பின் வலை கிழிந்திருந்தால் படபட. மூடியிருக்கும்போது ஆனையிறவு வெளியில் சோளகக் காற்றுக்கு ஊய் என்று கேட்டால் மேலே சொன்ன மட்டச் சோதனைக்குப் போங்கள். கண்ணாடி ஓரத்தைச் சுற்றி மாஸ்கிங் ரேப் ஒட்டி ஓடிப்பாருங்கள். ஊதல் நின்றால் ஒவ்வொரு பக்கமாக உரித்து எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கலாம்.

சளக்: இதை ஒத்திப்போடாதீர்கள்

பிறேக் போட்டதும் கூரைக்குள் தண்ணீர் அலைகிற சத்தம் கேட்டால், மற்ற வேலையெல்லாம் விட்டுவிட்டு இதைப் பாருங்கள். சன்ரூஃப் றப்பர் தண்ணீரை முழுதாக மறிப்பதற்கென்று செய்யப்பட்டதல்ல. கொஞ்சம் உள்ளே வரும், சுற்றியுள்ள வாய்க்காலில் விழும், பெரும்பாலும் நான்கு மூலையிலுமுள்ள குழாய்களால் கீழே போகும். முன்குழாய்கள் முன்தூணுக்குள்ளால் இறங்கி முன்கதவுப் பிணைச்சல் பக்கம் வெளியேறும். பின்குழாய்கள் பின்சில்லுப் பக்கம். வேம்புக்குக் கீழே காரை விடுகிற வீடுகளில் பூவும் இலையும் சேறாகி இந்தக் குழாயை அடைத்துவிடும். ஐப்பசி மழைக்கு வாய்க்கால் நிரம்பி, பிறேக்குக்குச் சளக் என்று அலைந்து, ஒரு நாள் உள்விளக்கின் வழியே மடியில் கொட்டும். அந்த விளக்குப் பெட்டிக்குள் வயர் இருக்கிறது.

சோதனை எளிது. கண்ணாடியைத் திறந்து, ஒரு மூலைக்குச் சின்னக் குவளையில் ஒரு மிடறு தண்ணீர் விடுங்கள். கீழே ஒருவர் இருந்து பார்க்கட்டும். சில செக்கனில் நிலத்தில் ஒழுகவேண்டும். ஒழுகாவிட்டால் மீன்பிடிக்கிற தடித்த தங்கூசி (நைலோன் இழை) ஒன்றரை மீற்றர் எடுத்து, நுனியை நெருப்பில் காட்டி மழுங்கலாக்கி, மேலிருந்து மெல்ல மெல்லத் திருகித் திருகி விடுங்கள். தடை வந்தால் குத்தாதீர்கள், பின்னே எடுத்துத் திரும்ப விடுங்கள். கம்பி கூடாது, குழாயைக் கிழித்துவிடும். ரயர்க் கடையில் காற்றடிக்கிற குழாயை வைத்து அடிக்கவும் கூடாது. அழுத்தத்தில் குழாய் அதன் மூட்டிலிருந்து கழன்றால், பிறகு வருகிற மழையெல்லாம் நேரே கார்பெற்றுக்குள்தான். ஒரு அயலவர் காரில் அப்படி நடந்து, உள்கூரையை இறக்கித்தான் மாட்டவேண்டி வந்தது.

இந்த வேலையைப் புரட்டாதியிலேயே, மாரி தொடங்குவதற்கு முன், ஒவ்வொரு வருடமும் செய்யுங்கள். றப்பர் துடைப்பதையும் அதே நாளில் முடித்துவிடலாம்.

பாகம் மாற்றவேண்டி வந்தால்

றப்பரோ, றெயிலில் ஓடும் பிளாஸ்ரிக் காலோ, காற்றுத் தடுப்போ மாற்றத்தான் வேண்டும் என்றானால், முதலில் யாழ்ப்பாணக் கடைகளில் கேளுங்கள். கிடைக்காதபோது வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைதான். அங்கே கேட்கும்போது காரின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில், ஒரே வருடத்தில், சன்ரூஃப் உள்ளதும் இல்லாததுமாக வந்திருக்கும், றப்பரும் மாறுபடும். சேசிஸ் இலக்கத்தை முழுதாக அனுப்புங்கள். பழைய றப்பரின் குறுக்கு வெட்டுத் தோற்றத்தையும், அதில் அச்சடித்த இலக்கம் இருந்தால் அதையும் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். பாவித்த காரிலிருந்து கழற்றிய றப்பரை வாங்காதீர்கள். கழற்றிய கண்ணாடி, மோட்டார், றெயில் வாங்கலாம். றப்பருக்கு மட்டும் புதியதற்காகக் காத்திருங்கள். அதுவரை துடைத்த றப்பரும் கடுகளவு சிலிக்கோன் கிறீஸும் காரை ஓட்டிக்கொண்டு போகும்.